கருப்பட்டி நிறம்

லாக்கரைக் காலி செய்யச் சொன்னபோது, அதில் என் சொந்தப் பொருள் என்று நான்குதான் இருந்தன. ஒரு ஃபீலர் கேஜ். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படிப்பு முடித்த ஆண்டு அப்பா வாங்கிக் கொடுத்த 10-11 ரிங் ஸ்பேனர். டிபன் பாக்ஸ். மூலையில் முருகன் படம் ஒட்டிய கைக்கண்ணாடி. 21 வருடம் வேலை செய்த இடத்திலிருந்து இவ்வளவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். 2019 செப்டம்பர், வெள்ளிக்கிழமை, முதல் ஷிப்டு முடிந்த நேரம். எனக்கு 46 வயது.

கம்பெனி பஸ் வழக்கம்போல கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து கிளம்பி, கவரைப்பேட்டை, தச்சூர் கூட்டுச்சாலை, காரனோடை பாலம் என்று வந்து சோழவரத்தில் இறக்கிவிட்டது. டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று அந்த பஸ்ஸில் என்னோடு சேர்ந்து ஒன்பது பேர் பையோடு இறங்க வேண்டியிருந்தது. யாரைத்தான் பார்ப்பார் அவர்?

வீட்டுக்குப் போகாமல் ஏரிக்கரை ஏறினேன். அந்தக் கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் எல்லாமே வற்றியிருந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1,081 மில்லியன் கன அடி கொள்ளும் எங்கள் சோழவரம் ஏரி, செப்டம்பரிலும் பெரும்பாலும் தரையாகத்தான் கிடந்தது. வெடித்த மண்ணில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கரையில் உட்கார்ந்து ஃபீலர் கேஜை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகுதான் எழுந்தேன்.

என்ன நடந்தது என்பதை அப்போது நான் பாதிதான் புரிந்துவைத்திருந்தேன். எங்கள் தொழிற்சாலை லாரிகளுக்கான இரும்பு உதிரிபாகம் செய்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகள் ஏற்றக்கூடிய எடையைக் கூட்டியது. பழைய லாரியிலேயே கூடுதலாக ஏற்றலாம் என்றானதும் புது லாரி வாங்கும் அவசரம் குறைந்தது. இரண்டு மாதத்தில் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழுந்தது. அதன் அதிர்ச்சியில் லாரிக்குக் கடன் கொடுக்கும் மற்ற நிறுவனங்களும் கையை இறுக்கிக்கொண்டன. போதாததற்கு 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 எஞ்சின்தான் விற்க வேண்டும் என்ற கெடு முன்னால் நின்றது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலையிலேயே 16 நாள் வேலையில்லா நாள் என்று அறிவித்தார்கள். பெரிய ஆலை அங்கே தும்மினால் எங்களைப் போன்ற சப்ளை கம்பெனிகளுக்கு ஜுரம் வரும். முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தினார்கள். பிறகு மூன்றாவது ஷிப்டை. பிறகு எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார்கள்.

அந்த அறையில் மேசைமேல் இருந்தது வேலைநீக்கக் கடிதம் அல்ல, ராஜினாமாக் கடிதம். "விருப்ப ஓய்வு" என்று தட்டச்சு செய்து, என் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள். 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அன்றைய தொழில் தகராறு சட்டப்படி அரசின் முன் அனுமதி வேண்டும். தொழிலாளி தானே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த அனுமதிக்கு அவசியமே இல்லை. இது எனக்குத் தெரிந்தது கையெழுத்துப் போட்டு இரண்டு வாரம் கழித்து. "இன்னிக்குப் போட்டா இந்தத் தொகை. நாளைக்கு வந்தா என்ன இருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் எதிரில் இருந்தவர். பேனாவை அவரே திறந்து கொடுத்தார். ஒரு நாள் அவகாசம் கேட்டு, அந்தத் தாளின் நகலோடு வெளியே வந்திருக்கலாம். அந்த ஒரு நாளைக் கேட்க என் வாய் எழவில்லை. அதற்காக இன்றுவரை வருந்துகிறேன்.

என் கணக்கு இதுதான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,200 ரூபாய். கிராஜுவிட்டிக்கு அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 21 வருடத்தால் பெருக்க வேண்டும். 1,72,038 ரூபாய் வந்தது. அதோடு கருணைத்தொகை 3,00,000. பி.எஃப். பணம் தனி.

மனைவியிடம் அன்றிரவு சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே அந்த ராத்திரி ஷிப்டு இல்லைல்ல, தூங்குங்க" என்றாள்.

தூக்கம் வரவில்லை. உடம்பு 4.40-க்கே எழுந்தது. 5.20-க்கு கம்பெனி பஸ் கூட்டுச்சாலையில் ஹாரன் அடித்துவிட்டுப் போகும் சத்தம் எங்கள் தெரு வரை கேட்கும். முதல் வாரம் முழுவதும் படுக்கையில் கிடந்தபடி அந்த ஹாரனைக் கேட்டேன். வேலை போனதன் வலி எதில் என்று கேட்டால், பணத்துக்கு முன்னால் அந்தச் சத்தத்தைத்தான் சொல்வேன்.

இரண்டாவது வாரத்தில்தான் அந்தப் பழைய ஆசை எழுந்து உட்கார்ந்தது.

*

எங்கள் ஊரைக் குடிநீர் ஏரியால் அறிந்தவர்கள் இன்று அதிகம். என் வயதுக்காரர்களுக்குச் சோழவரம் என்றால் ரேஸ். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் ஒன்று இங்கே இருந்தது. போர் முடிந்து விமானம் வராமல் போன பிறகு, அந்த ஓடுதளத்திலேயே காரும் பைக்கும் ஓடத் தொடங்கின. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயம் அது. கல்கத்தா, பம்பாய், பெங்களூரு, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பொங்கல் முடிந்த சில வாரங்களில், பிப்ரவரியில் ஊரே திருவிழாபோல ஆகிவிடும். மெட்ராஸிலிருந்து ஜனம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து குவியும். வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். பந்தயம் முடிந்ததும் அவை எந்த மாட்டுக்குப் போகும் என்று எங்களுக்குள் பந்தயம் நடக்கும்.

அப்பா செங்குன்றத்தில் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர். டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. நானும் கூட்டாளிகளும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்போம். 1985-இலோ அடுத்த ஆண்டிலோ, எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். தண்ணீர்க் குடம் சுமக்க ஆள் வேண்டும் என்று யாரோ கூப்பிட, வண்டிகள் நிறுத்திப் பழுது பார்க்கும் பக்கம் உள்ளே போய்விட்டேன்.

எரிந்த ஆமணக்கு எண்ணெய் வாசனை. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பைக்கைச் சுற்றி மூன்று பேர். ஓட்டியவன் முழு வேகத்தில் ஒரு சுற்று வந்து, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே நிறுத்தி, வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், சூடு ஆறும் முன்பே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். துணியில் பிடித்து, வெயிலுக்குக் காட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் குடத்தோடு அவர் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். துரத்துவார் என்று நினைத்தேன். பிளக்கை என் பக்கம் நீட்டினார்.

"என்ன நெறமுன்னு சொல்லு கண்ணு."

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. சாம்பல் மாதிரி வெள்ளை என்றேன்.

"வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலீன்னு அர்த்தம். வேகமாத்தான் போகும், பாக்கறக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா சூட்டுல பிஸ்டனுல ஓட்டை விழுந்துரும். கரியா இருந்தா ஜாஸ்தி குடிக்குது, மூச்சு முட்டி நின்னுக்கும். கருப்பட்டி நெறத்துல இருந்தாத்தான் வண்டி கடைசி வரைக்கும் ஓடும்."

சொல்லிக்கொண்டே கார்புரேட்டரைத் திறந்து, நெல்மணி அளவு பித்தளை ஜெட் ஒன்றைக் கழற்றி, அதைவிட ஓர் எண் பெரியதை மாட்டினார். அந்த வண்டி ஜெயித்ததா என்பது எனக்கு நினைவில்லை. அந்த விரல்கள் நினைவிருக்கின்றன. இதைத்தான் செய்ய வேண்டும் என்று குடத்தைக் கீழே வைத்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஓடுதளத்தில் நான் பார்த்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் கரிவரதன். ஆலை முதலாளிகள் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களும் ஓட்ட வேண்டும் என்று, நம் தெருவில் ஓடும் மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற சிறிய பந்தயக் காரை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்த வகைக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அருகில் கிடைக்கும் எஞ்சினை வைத்து அடுத்த தலைமுறைக்கு வழி திறந்தவர் என்று கரிவரதனை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மரியாதை எழும்.

1990-ஐ ஒட்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் போட்டார்கள். ரேஸ் அங்கே போய்விட்டது. சோழவரத்தில் பிப்ரவரி அமைதியானது. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறைகளில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, 1998-இல் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கல்யாணம், மகள், வீட்டுக்கு ஷீட் போட்டது, அம்மாவின் கண் ஆபரேஷன் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் கை சும்மா இருக்காது. வீட்டு முன்னால் இருக்கும் பூவரச மரத்தடியில் யாராவது ஒரு பழைய புல்லட்டையோ, எஸ்டியையோ, ஆர்எக்ஸ் 100-ஐயோ கொண்டுவந்து நிறுத்துவார்கள். புல்லட்டுக்குப் பாயிண்ட் வைப்பது எனக்குப் பிடித்த வேலை. முதலில் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜில் 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைப் பாயிண்டுகளுக்கு நடுவே கொடுத்து, ஒரு கையால் எஞ்சினை மெல்லச் சுற்றிக்கொண்டே, மறு கையால் தாளை லேசாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில் தாள் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். பொறி பிறக்கும் இடம் அதுதான். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் அறிய முடியும். வாரம் ஆறு நாள் கம்பெனி எந்திரத்தின் பொத்தானை அழுத்திய விரல், ஏழாவது நாள் அந்த வழுக்கலுக்காகக் காத்திருந்தது.

பழைய பைக்குகளுக்கென்று ஜி.என்.டி. சாலையில் ஒரு பட்டறை. 21 வருடமும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

*

வேலை தேடவும் செய்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய் கண்டிகைப் பக்கத்திலும் கேட் கேட்டாக ஏறி இறங்கினேன். செக்யூரிட்டி அறையில் பயோடேட்டாவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு இடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். என்னைவிட மிகவும் இளைய அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்க அனுபவத்துக்கு நாங்க சம்பளம் கொடுக்க முடியாது" என்றார். பரவாயில்லை, குறைத்துக் கொடுங்கள் என்றேன். "35-க்கு மேல எடுக்கறதில்ல சார்" என்றார். முதலில் சொன்னது காரணம் அல்ல என்று புரிந்துகொண்டு எழுந்தேன். ஒப்பந்த ஏஜென்சி ஒன்று 12 மணி நேரத்துக்கு 12,000 தருவதாகச் சொன்னது.

அன்று திரும்பும் வழியில்தான் ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலைக்கு அருகே அந்த ஷட்டர் கடையைப் பார்த்தேன். "வாடகைக்கு" என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. ஃபோன் பண்ணினேன். அட்வான்ஸ் 1,00,000, வாடகை 9,000. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதற்காகத்தான் வேலை போனதோ என்றுகூடத் தோன்றியது.

வீட்டில் கருத்துச் சொல்லாதவர்களே இல்லை. அம்மா, "அந்த ரேஸைப் பாத்துட்டு வந்த நாள்லேர்ந்து இவன் புத்தி அங்கதான் கீது" என்று அழுதாள். மச்சான், "மாமா, இந்த வயசுல தைரியமா எறங்குங்க, முத்ரா லோன் வாங்கிக்கலாம்" என்றான். மாமனார் ஒரே வார்த்தையில் முடித்தார்: "மாசச் சம்பளம்." ஒவ்வொருவரும் என்மீது அன்பு வைத்துத்தான் பேசினார்கள். ஆனால் எல்லோர் பேச்சிலும் இரண்டே கதவுகள் இருந்தன. ஒன்றைத் திறந்தால் மற்றதை மூடியாக வேண்டும். நானும் அப்படியே நம்பி, பத்து நாள் ராத்திரி விழித்துக் கிடந்தேன்.

மனைவிதான் நோட்டை எடுத்தாள். தையல் கணக்கு எழுதும் நோட்டு. "எல்லாரும் சொல்றதை விடுங்க. எனக்கு ரெண்டு கணக்கு போட்டுக் காட்டுங்க" என்றாள்.

வீட்டுச் செலவு, மகளின் காலேஜ் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்துச் சேர்த்து, 19,500. அவள் தையல் வருமானம் 4,000. ஆக, மாதம் 15,500 துண்டு விழும். கையில் 4,72,000. எதுவுமே செய்யாமல் உட்கார்ந்து சாப்பிட்டால் 30 மாதம். இது முதல் கணக்கு.

பட்டறை போட்டால், அட்வான்ஸ் ஒரு லட்சம். கம்ப்ரஸர், வண்டி ஏற்றும் ராம்ப், கருவிகள், கொஞ்சம் ஸ்பேர் எல்லாம் 1,60,000. மிச்சம் 2,12,000. மாதம் துண்டு விழுவதோடு வாடகை 9,000 சேர்ந்து 24,500. வகுத்தாள். பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எட்டரை மாசங்க. வண்டியே வரலைன்னா எட்டரை மாசம்."

பி.எஃப். இருக்கிறதே என்றேன். "அது பொண்ணு கல்யாணத்துக்கும் நமக்கும். அதைத் தொடாம சொல்லுங்க" என்றாள். அவள் குரலில் தடை எதுவும் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது.

அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்துச் சொச்சம் வருடத்துக்குப் பிறகு அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவரின் குரல் காதில் விழுந்தது. வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலீன்னு அர்த்தம். எட்டரை மாதம் என்பது வெளுத்த பிளக். ஜோராகத்தான் கிளம்பும், பாதியில் பிஸ்டன் போய்விடும். அந்த 12 மணி நேர ஒப்பந்த வேலையோ கரி பிடித்த பிளக். எரிபொருள் இருக்கும், எஞ்சினுக்கு மூச்சு இருக்காது. ஆசையை விடுவதா, வேலையை விடுவதா என்று பத்து நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த ஜெட்டில் இது கடைசி வரை ஓடும்?

*

பொங்கல் வரை பார்ப்பது என்று முடிவு செய்தோம். கடை எடுப்பதில்லை. பூவரச மரத்தடியிலேயே பழைய ஷீட் போட்டு, ஒரு பெஞ்சும் பழைய கம்ப்ரஸரும் வைத்துக்கொள்வது. வரும் ஒவ்வொரு வண்டியையும் நோட்டில் எழுதுவது. இதற்கு 22,000 ரூபாய்தான் செலவானது.

அக்டோபரில் 11 வண்டி, செலவு போகக் கையில் நின்றது 3,150. நவம்பரில் 17 வண்டி, 4,900. டிசம்பரில் 24 வண்டி, 7,400. மூன்று மாதத்தில் வந்த 52 வண்டிகளில் பழைய பைக் என்று சொல்லத்தக்கவை மூன்றுதான். மற்றதெல்லாம் பால்காரரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ஸ்ப்ளெண்டர், டீச்சரம்மாவின் ஆக்டிவா. சாலையோரக் கடையில் புல்லட்டுகள் வரிசையாக நிற்கும் என்று பஸ் ஜன்னலில் நான் கட்டியது நிஜமல்ல என்று நோட்டு சொன்னது. முதலில் கசந்தது. பிறகு ஒரு விடியற்காலை, பால்காரர் எக்ஸ்.எல்.லை நிறுத்திவிட்டு, "ஆறு மணிக்குள்ள ஓடணும் தம்பி, பால் திரிஞ்சிரும்" என்று பதைத்தபோது, கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்து இருபது நிமிடத்தில் அனுப்பினேன். அவர் போன சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்று ஜெயித்த வண்டி அதுதான் என்று மனதார நினைத்தேன்.

7,400 என்பது 15,500-இல் பாதிகூட இல்லை. அது உண்மை. மூன்று மாதமும் ஏறிக்கொண்டே வந்தது என்பதும் உண்மை. இரண்டையும் நோட்டில் அருகருகே எழுதிவைத்தோம்.

செங்குன்றத்திலிருந்து காரனோடை வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இப்போது குடோன்கள். நெல் விளைந்த நிலமெல்லாம் நீல ஷீட் கூரை ஆகிவிட்டது. மளிகைப் பொருள் குடோன் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் பராமரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, மாதம் 14,000. வயது கேட்கவில்லை. நின்றுபோன வண்டி ஒன்றைக் காட்டி ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். ஓடியது. 2020 பிப்ரவரி முதல் வாரத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்த அன்று மனம் கனத்துத்தான் இருந்தது. நீலச் சட்டையை மறுபடி மாட்டும்போது, பெரியவர் நீட்டிய பிளக்கைக் கீழே போட்டுவிட்டேனோ என்று இருந்தது. ஆனால் காலை 6 மணியிலிருந்து 1 மணி வரை பூவரச மரத்தடி என்னுடையது. மாதம் பிறந்தால் வீட்டில் அரிசி இருந்தது. வாடிக்கையாளர் பணம் கொடுக்க நாலு நாள் தள்ளிப்போட்டாலும் அவரிடம் கடுகடுக்க வேண்டிய நிலை இல்லை. தேவையில்லாத ஸ்பேரை மாற்றச் சொல்லிப் பில் போட வேண்டிய அவசியமும் இல்லை. நேர்மையாகத் தொழில் செய்ய அந்த 14,000 எனக்கு உதவியது. இதை நான் முன்பே கணக்கில் எடுக்கவில்லை.

மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. ஜி.என்.டி. சாலை ஆளில்லாமல் கிடந்தது. குடோனில் மளிகை என்பதால் அடையாள அட்டையோடு எங்களை விட்டார்கள். பட்டறைக்கு இரண்டு மாதம் ஒரு வண்டி வரவில்லை. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது நான் பார்த்து வந்த அந்த ஷட்டர் கடை நினைவுக்கு வரும். அதை எடுத்திருந்தால் அந்த எட்டரை மாதம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது உடல் நடுங்கும். பெருந்தொற்று வரும் என்று நாங்கள் யாரும் அறிந்திருக்கவில்லை. மனைவி போட்ட கணக்கு அதை முன்கூட்டிச் சொன்னதும் இல்லை. எது வந்தாலும் எத்தனை மாதம் தாங்கும் என்ற ஒன்றை மட்டும் அது சொன்னது. அது போதுமாக இருந்தது.

அன்று பையுடன் இறங்கிய நாங்கள் ஒன்பது பேரும் ஒன்பது வழி போனோம். ஒருவர் முழுப் பணத்தையும் போட்டு மெஸ் வைத்தார். ஊரடங்கில் மூடியது. கடன் அடைக்க நிலம் விற்றார். இன்னொருவர் அதேபோல் முழுப் பணத்தையும் மாட்டில் போட்டார், நன்றாக இருக்கிறார். மூன்றாமவர் பழைய சம்பளத்துக்குக் குறைந்து போகமாட்டேன் என்று இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்தார். அவர் பேச்சு குறைந்து, எங்கள் யாரையும் பார்ப்பதையும் நிறுத்திக்கொண்டார். அவர்களில் எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையில் திறந்து நீட்டிய பேனாவை நாங்கள் எல்லோருமே வாங்கினோம்.

பட்டறை மெல்லத்தான் ஏறியது. ஊரடங்கு தளர்ந்ததும் பஸ் இல்லாததால், மூலையில் கிடந்த வண்டிகளையெல்லாம் ஜனம் வெளியே எடுத்தது. 2022 முழுவதும் சராசரியாக மாதம் 16,800 நின்றது. பன்னிரண்டு மாதமும் 15,500-க்குக் கீழே இறங்காமல் இருந்தால்தான் வேலையை விடுவது என்று மனைவியோடு ஒப்பந்தம். இரண்டு மாதம் இறங்கியது. அதனால் இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துப் போனேன். 2023 மார்ச்சில் குடோனில் சொல்லிக்கொண்டு விடைபெற்றேன். இந்தமுறை கடிதத்தை நானே எழுதினேன்.

இப்போது சிப்காட் பக்கம் ஆட்குறைப்பு என்றால் யாராவது ஒருவர் பெஞ்சில் வந்து உட்காருகிறார். "அண்ணே, இன்னா பண்றதுன்னே தெரியல" என்பார். நான் அறிந்ததைச் சொல்வேன். எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்துப் போடாதே, நகலோடு வெளியே வந்து தொழிற்சங்கத்திலோ வழக்கறிஞரிடமோ காட்டு. ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உன் உரிமை, அது யாரும் போடும் கருணை இல்லை. பத்து வருடச் சேவை இருந்தால் பி.எஃப்.பின் ஓய்வூதியப் பங்குக்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள், 58 வயதில் அது உனக்குச் சோறு போடும். பிறகு வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து, எத்தனை மாதம் என்று வகுத்துப் பார். அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு ஆசையைப் பற்றிப் பேசலாம். ஆசையைப் பேசாமலும் விடாதே. 46 வயதில் ஒருவனை விடியற்காலை எழுப்பிவிட அது ஒன்றுதான் இருந்தது எனக்கு.

சென்ற மாதம் பொன்னேரியிலிருந்து ஒரு பழைய புல்லட் வந்தது. சொந்தக்காரரின் அப்பா ஓட்டிய வண்டி, பல வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. சிலிண்டரை ரீபோர் போட்டு, பாயிண்ட் வைத்து, நேற்று காலை ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஏரியில் இப்போது தண்ணீர் இருக்கிறது. நேர்ச்சாலையில் முழு வேகம் பிடித்து, கிளட்சை அமுக்கி எஞ்சினை நிறுத்தி, ஓரமாக உருட்டி வந்தேன். பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்து வெயிலுக்குக் காட்டினேன்.

கொஞ்சம் வெளுப்பு இருந்தது. ஓர் எண் பெரிய ஜெட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.